வேலை போனவனைப் பார்த்துப் பாடும் பாட்டு: லிவர்பூல், மென்செஸ்டர் பழைய கதை



கொஞ்சம் நீளமான பதிவு. அன்னதான அறிவிப்பு இல்லை, திருவிழாக் கணக்கும் இல்லை. காற்பந்து கதை. ஆலயப் பக்கத்துல இது எதுக்குன்னு சில அம்மாமார் கேப்பீங்க. வாலிபப் பிள்ளைங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம விட்டா அவங்க வேற எங்கயாவது போய்க் கேப்பாங்க, அதனால எழுதுறோம்.

போன வாரம் தொண்டர்கள் புலனக் குழுவுல நம்ம தம்பிங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிட்டாங்க. மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் லிவர்பூல்காரர்களைப் பார்த்துப் பாடும் ஒரு கிண்டல் பாட்டை ஒரு தம்பி காணொளியாப் போட்டாரு. லிவர்பூல் தம்பிக்குச் சூடாயிடுச்சு. "இந்தப் பாட்டுக்கு அர்த்தமே இல்ல"ன்னாரு அவரு. "உண்மையைத்தானே பாடுறாங்க"ன்னாரு இவரு. எழுபது எண்பது செய்தி. கடைசியில "அண்ணே, நீங்கள்லாம் எண்பதுகள்ல பந்து பார்த்தவங்க, நீங்க சொல்லுங்க"ன்னு எங்ககிட்ட விட்டுட்டாங்க. எங்களில் பாதிப் பேர் லிவர்பூல், பாதிப் பேர் யுனைடெட். ஆனா எல்லாரும் தொழிற்சாலை ஆள்கள். அந்தக் கண்ணோடுதான் இதைப் பார்க்க முடியும்.

முதலில் அந்தப் பாட்டு என்ன என்று தெரியாதவர்களுக்கு. லிவர்பூல் ரசிகர்கள் ஆட்டத்துக்கு முன் கழுத்துத் துண்டை உயர்த்திப் பிடித்துப் பாடும் கீதம் உங்களுக்குத் தெரியும், 'யூ வில் நெவர் வாக் அலோன்'. அது முதலில் காற்பந்துப் பாட்டே இல்லை. 1945-ல் அமெரிக்காவில் வந்த 'கெரோசல்' என்ற இசை நாடகத்தில் துக்கத்தில் இருப்பவளுக்கு ஆறுதல் சொல்லும் பாட்டு. 1963-ல் லிவர்பூல் ஊர்ப் பையன்களான 'ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ்' பாடி முதல் இடத்துக்குப் போனது. அப்போதிலிருந்து ஆன்ஃபீல்ட் அரங்கம் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது.

கிண்டல் பாட்டு அதே மெட்டில்தான் வரும். ஆறுதல் வரிகளுக்குப் பதிலாக, போய்க் கையெழுத்து போடுங்கடா, உங்களுக்கு எந்தக் காலத்திலும் வேலை கிடைக்காது என்ற கருத்தில் சொற்களை மாற்றிப் பாடுவார்கள். கையெழுத்து என்பது என்ன? பிரிட்டனில் வேலை இல்லாதவர் அரசாங்க அலுவலகத்துக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய், வரிசையில் நின்று, எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கையெழுத்து போட்டால்தான் அந்தக் காலத்தில் உதவிப் பணம் வந்தது. நம் வயசுக்காரர்கள் கேசட்டில் கேட்ட 'யூபி 40' பாட்டுக் குழு ஞாபகம் இருக்கா? அந்தப் பெயரே வேலையில்லாதவருக்கான பாரத்தின் எண்தான்.

சரி, "உண்மையைத்தானே பாடுறாங்க" என்ற வாதத்தைப் பார்ப்போம். உண்மைதான். எண்பதுகளின் தொடக்கத்தில் லிவர்பூலில் வேலை செய்யும் வயதில் ஐந்து பேரில் ஒருத்தருக்கு வேலை இல்லை. 1930களில் எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரம், 1981-ல் ஐந்து லட்சம் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஏன் அப்படி ஆச்சு என்று பாட்டில் வராது இல்லையா? அங்கேதான் கதை இருக்கு.

லிவர்பூல் துறைமுக ஊர். நம்ம ஊருக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 'புளூ ஃபனல்' கப்பல்கள் என்று பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர்ப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், உயரமான நீலப் புகைபோக்கி வைத்த கப்பல்கள். ஆல்ஃபிரட் ஹோல்ட் என்ற லிவர்பூல்காரரின் நிறுவனம். 1866-லிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அந்தக் கப்பல்கள் வந்தன. வரும்போது இயந்திரமும் துணியும், போகும்போது ஈயமும் ரப்பரும்.

அந்தக் காலத்தில் ஒரு கப்பலில் சரக்கு ஏற்ற, இறக்க நூற்றுக்கணக்கான ஆள் வேண்டும். மூட்டை மூட்டையா, பெட்டி பெட்டியா, கொக்கி போட்டுத் தூக்கணும். ஒரு கப்பல் நாள் கணக்கில் துறையில் கிடக்கும். பிறகு கொள்கலன் வந்தது. ஒரே அளவுள்ள இரும்புப் பெட்டி, ஒரு கிரேன், ஒரு ஓட்டுநர். வாரக் கணக்கு வேலை மணிக் கணக்கில் முடிந்தது. சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் 1972-லும், போர்ட் கிள்ளானில் 1973-லும் கொள்கலன் முனையங்கள் திறந்தன. நமக்கு அது வளர்ச்சி. அதே 1972-ல் லிவர்பூலின் பழைய ஆல்பர்ட் துறை மூடப்பட்டது. இன்னொரு அடி, 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்தது. வியாபாரம் ஐரோப்பா பக்கம் திரும்பினதும் கிழக்கு, தெற்குக் கரைத் துறைமுகங்களுக்கு வாழ்வு. அமெரிக்கா பக்கம் பார்த்து மேற்குக் கரையில் இருக்கிற லிவர்பூல் தப்பான பக்கத்தில் மாட்டிக்கொண்டது. ஊரைத் தூக்கிக்கொண்டு போய் மறுகரையில் வைக்க முடியுமா?

துறைமுகம் படுத்தால் அதை நம்பின ஆலைகளும் படுக்கும். 1978-ல் ஸ்பீக் என்ற பகுதியில் டிரையம்ஃப் கார் ஆலை மூடல், சுமார் 3,000 பேர். 1979-ல் அதே ஸ்பீக்கில் டன்லப் டயர் ஆலை மூடல், 2,000 பேருக்கு மேல். அதே வருசம் நவம்பரில் மெக்கானோ பொம்மை ஆலை. நாங்கள் சின்னப் பிள்ளையில் பணக்கார வீட்டுப் பிள்ளைங்க கையில் பார்த்து ஏங்கின டிங்கி இரும்புக் காரெல்லாம் அங்கே செய்ததுதான். மூடுகிறோம் என்று அறிவித்ததும் தொழிலாளிகள் வெளியே போக மறுத்து ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 1981-ல் டேட் அண்ட் லைல் சீனி ஆலை. அதே ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம்.

டன்லப் என்ற பெயரில் கொஞ்சம் நிற்கணும். மலாயாவில் பெரிய பெரிய ரப்பர் தோட்டங்கள் டன்லப்புக்குச் சொந்தமாக இருந்தன. நம்மில் எத்தனை பேருடைய தாத்தா பாட்டி விடியற்காலைப் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து டன்லப்புக்குக் கொடுத்தவர்கள்! அந்த ரப்பர் கப்பலேறிப் போய் டயரான ஆலைகளில் ஒன்றுதான் ஸ்பீக். ஸ்பீக் மூடிய கொஞ்ச வருசத்தில் இங்கே டன்லப் தோட்டங்களும் கை மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்தில் பிறந்து வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களிலேயே இருக்கீங்க. சங்கிலியின் இந்த முனையில் நாம், அந்த முனையில் அவர்கள். ஆகவே நம்ம தம்பி அந்தப் பாட்டைச் சிரிப்புப் படம் போட்டுப் பகிரும்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பாடுகிறவர்கள் பக்கம் வருவோம். மென்செஸ்டர்.

ரெண்டு ஊருக்கும் இடையில் கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போகும் தூரம்கூட இல்லை. பகை பழசு, பந்துக்கு முந்தினது. லிவர்பூலில் பஞ்சு இறங்கும், மென்செஸ்டர் வட்டாரத்தில் நூலாகும், துணியாகும். துறைமுகக் கட்டணமும் ரயில் கட்டணமும் கழுத்தை நெரிக்குது என்று மென்செஸ்டர் முதலாளிகள் 58 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டி, கடலே இல்லாத ஊருக்குக் கப்பலைக் கொண்டுவந்துவிட்டார்கள். திறந்தது 1 ஜனவரி 1894. லிவர்பூலுக்குக் கட்டணம் கட்டாமலே கப்பல் நேராகச் சால்ஃபோர்ட் துறைக்குப் போகும். லிவர்பூல்காரனுக்கு எரியாதா? (யுனைடெட் சின்னத்தில் உள்ள கப்பல் இந்தக் கால்வாயைக் குறிக்குது என்று பலர் சொல்வார்கள். அந்தக் கப்பல் மென்செஸ்டர் நகரச் சின்னத்திலிருந்து வந்தது. நகரச் சின்னம் 1842-லேயே கொடுக்கப்பட்டது, கால்வாய்க்கு அரை நூற்றாண்டு முன்னால்.)

வேடிக்கை என்னன்னா, கால்வாய் திறந்த அதே 1894-ல், ஏப்ரல் 28-ஆம் தேதி, லிவர்பூல் குழுவும் நியூட்டன் ஹீத் குழுவும் முதல் தடவையாக மோதின. மேல் டிவிஷனில் யார் இருப்பது என்று முடிவு செய்யும் ஆட்டம். லிவர்பூல் 2, நியூட்டன் ஹீத் 0. லிவர்பூல் மேலே போனது, நியூட்டன் ஹீத் கீழே இறங்கியது. ரயில்வே பட்டறைத் தொழிலாளிகள் தொடங்கின அந்த நியூட்டன் ஹீத்தான் 1902-ல் மென்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இனி முக்கியமான விசயம். 1910-லிருந்து யுனைடெட்டின் வீடு ஓல்ட் டிராஃபோர்ட். அரங்கத்தை ஒட்டியே டிராஃபோர்ட் பார்க் தொழிற்பேட்டை. 1896-ல் தொடங்கினது, உலகத்திலேயே திட்டமிட்டு அமைத்த முதல் தொழிற்பேட்டை என்று சொல்வார்கள். ஃபோர்டு நிறுவனம் 1911-ல் இங்கிலாந்தில் முதலில் கார் கட்டினது அங்கேதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 75,000 பேர் வேலை செய்தார்கள். அரங்கத்திலிருந்து கால்வாய்ப் பக்கம் நடந்தே போனால் சால்ஃபோர்ட் துறை. ஒரு காலத்தில் நாட்டிலேயே மிகச் சுறுசுறுப்பான துறைமுகங்களில் ஒன்று.

அந்தத் துறை மூடப்பட்ட வருசம் 1982. காரணம் அதே கொள்கலன். புதுக் கப்பல்கள் கால்வாயில் நுழைய முடியாத அளவு பெரிசாகிவிட்டன. சுமார் 3,000 பேருக்கு வேலை போனது. டிராஃபோர்ட் பார்க் ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை மூடின. மொத்த நாட்டிலும் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டினதும் அந்த 1982 ஜனவரியில்தான்.

யோசிச்சுப் பாருங்க. செத்துப்போன துறைக்குப் பக்கத்து அரங்கத்தில் நின்றுகொண்டு, அதே வியாதியில் துறை செத்த பக்கத்து ஊர்க்காரனைப் பார்த்து, உனக்கு வேலை கிடைக்காதுடா என்று பாடுகிறார்கள். பாடின கூட்டத்திலேயே அந்த வாரம் கையெழுத்து போட்டுவிட்டு வந்தவன் இருந்திருப்பான். சத்தமாகவே பாடியிருப்பான்.

அப்படியும் ஏன் பாடினாங்க? இங்கே எங்களில் உள்ள யுனைடெட் அண்ணன்மார் கொஞ்சம் பொறுத்துக்கணும். பந்தைப் பற்றிக் கிண்டல் செய்ய அவர்கள் கையில் அப்போது ஒன்றும் இல்லை. 1982-லிருந்து 1988 வரை லீக் பட்டம் ஒவ்வொரு வருசமும் லிவர்பூல் நகரத்துக்குத்தான் போனது. ஐந்து தடவை லிவர்பூல், 85-லும் 87-லும் எவர்ட்டன். ஐரோப்பியக் கோப்பை 1977, 78, 81, 84 என்று நாலு தடவை லிவர்பூலுக்கு. யுனைடெட் 1967-ல் லீக் பட்டம் வாங்கினது, அடுத்தது 1993-ல். நடுவில் எஃப்ஏ கோப்பை சில தடவை வந்தது. கோலைப் பற்றிப் பாட முடியாதவன் சம்பளத்தைப் பற்றிப் பாடினான். லண்டன் ரசிகர்களும் அதே பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் சிலர் பணநோட்டை விசிறி மாதிரி ஆட்டிக் காட்டுவார்கள். லண்டன்காரன் செய்தால் அது பணத்திமிர், புரிகிறது. மென்செஸ்டர்காரன் செய்வதுதான் புரியவில்லை.

தொலைக்காட்சியும் ஒரு காரணம். 1982-ல் பிபிசியில் 'பாய்ஸ் ஃப்ரம் த பிளாக்ஸ்டஃப்' என்ற நாடகத் தொடர் வந்தது, எழுதியவர் ஆலன் பிளீஸ்டேல். வேலை போன லிவர்பூல் ஆள்கள் கதை. அதில் யோசர் ஹியூஸ் என்ற பாத்திரம் பார்க்கிறவனிடமெல்லாம் வேலை கேட்டு அலைந்து, கடைசியில் புத்தி தடுமாறிப் போவான். லிவர்பூல் ஆட்டக்காரர்கள் கிரேம் சூனஸ், சேமி லீ இரண்டு பேரும்கூட ஒரு காட்சியில் வருவார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள் என்பார்கள். ஆனால் அவன் வேலை கேட்கிற வசனம் நாடு முழுக்க ஜோக்காகப் போய்விட்டது. லிவர்பூல்காரன் என்றால் வேலையில்லாதவன் என்று முத்திரை விழுந்தது. அவர்களுக்கு ஏற்கனவே உள்ள 'ஸ்கௌசர்' என்ற பட்டப்பெயரும் சாப்பாட்டிலிருந்து வந்ததுதான். 'ஸ்கௌஸ்' என்பது மாலுமிகளும் ஏழைகளும் கிடைத்ததைப் போட்டுக் கொதிக்க வைக்கும் குழம்பு.

சோம்பேறிங்க, எப்பவும் வேலை நிறுத்தம், அதான் ஆலை மூடிச்சு என்று ஒரு பேச்சு உண்டு. நம்ம தம்பி ஒருத்தரும் இதை எழுதியிருந்தார். வேலை நிறுத்தம் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலை நிறுத்தத்தால் கப்பல் பெரிசாகாது. லாபம் வராத ஆலையை எங்கே மூடுவது என்ற முடிவு எந்த ஊரிலும் ஆலைத் தளத்தில் எடுக்கப்படுவதில்லை. 1998-ல் எங்களில் இரண்டு பேர் வேலை செய்த தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்டையே எடுத்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். ஆட்குறைப்புப் பட்டியலை வரிசை முன்னால் நின்று வாசித்த மேற்பார்வையாளர் எங்களில் ஒருவர். அதில் இருந்தவர்களில் ஒரு நாள்கூட மட்டம் போடாதவர்கள் இருந்தார்கள். நம்ம நாட்டில் அப்போது கையெழுத்து போடவும் இடமில்லை. சொக்சோ வழியாக வேலைக் காப்புறுதி வந்ததே 2018-ல்தான்.

லிவர்பூல் விசயத்தில் மேலிடத்தில் என்ன பேசினார்கள் என்பது 30 வருசம் கழித்து வெளியே வந்தது. 1981 கலவரத்துக்குப் பிறகு நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ், பிரதமர் தேட்சருக்கு எழுதினதில், அந்த ஊருக்கு ரொம்பச் செலவு செய்ய வேண்டாம், மெல்லத் தேயவிடுவதையும் யோசிக்கலாம் என்ற பொருளில் ஆலோசனை இருந்தது. 2011 கடைசியில் அந்தக் கோப்புகளைத் திறந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. மைக்கல் ஹெசல்டைன் என்ற இன்னொரு அமைச்சர் எதிர்த்து நின்றதால் கொஞ்சம் பணம் வந்தது, ஆல்பர்ட் துறை சீரமைக்கப்பட்டது.

மென்செஸ்டர் வட்டாரத்துக்கும் இது புதுசில்லை. 1861-லிருந்து 65 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் வேலை இழந்து தர்மக் கஞ்சிக்கு வரிசை நின்றார்கள். லிவர்பூல் பஞ்சு வியாபாரிகளில் சிலர் விலை ஏறினதில் லாபம் பார்த்தார்கள். அப்படிப் பட்டினி கிடந்த நேரத்தில், 1862 டிசம்பர் 31-ல், மென்செஸ்டர் தொழிலாளிகள் கூட்டம் போட்டு, அடிமைகள் விடுதலைக்காக நாங்கள் உங்கள் பக்கம் என்று அதிபர் லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். லிங்கன் பதில் எழுதினார். அவர் சிலை இன்னமும் மென்செஸ்டரில் நிற்கிறது. பிறகு 1931-ல், இந்தியாவின் அந்நியத் துணி பகிஷ்கரிப்பால் மேலும் நொடிந்திருந்த டார்வன் ஊருக்குக் காந்தி நேரில் போனார். வேலை இழந்த ஆலைத் தொழிலாளிகள் அவரைத் திட்டி விரட்டவில்லை, கூடி நின்று வரவேற்றார்கள். அந்தப் படத்தை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். அந்த வட்டாரத்துப் பேரப் பிள்ளைகள் வாயில் இப்படி ஒரு பாட்டு வந்ததைத்தான் எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

லிவர்பூல் ரசிகர்கள் எல்லாரும் சுத்தத் தங்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1958 மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள். அதைப் பாட்டாக்கிக் கிண்டல் செய்தவர்களில் லிவர்பூல் ரசிகர்களும் உண்டு. பதிலுக்கு 1989 ஹில்ஸ்பரோவில் நசுங்கி இறந்த 97 பேரை யுனைடெட் பக்கம் பாடினார்கள். 2023 மார்ச்சில் இரண்டு குழுப் பயிற்றுநர்கள், கிளாப்பும் டென் ஹாக்கும், ஆட்டத்துக்கு முன் சேர்ந்து நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். சாவைப் பாடுவது பாவம் என்பதில் நம்ம குழுவில் இரண்டு கட்சி இல்லை, அதனால் அதை விட்டுவிடுவோம். வேலைப் பாட்டுக்குத் தடை எதுவும் கிடையாது. ஜாலிதானே என்று போய்விடுகிறது.

லிவர்பூல்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? 1984 மார்ச் 25, வெம்பிளியில் லிவர்பூலும் எவர்ட்டனும் லீக் கோப்பை இறுதியாட்டம். ஒரே ஊரின் இரண்டு எதிரிகள். சிவப்பும் நீலமும் கலந்து உட்கார்ந்து, கடைசியில் இரண்டு பக்கமும் சேர்ந்து தங்கள் வட்டாரத்தின் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். 0-0. மூன்று நாள் கழித்து மறு ஆட்டம் எங்கே தெரியுமா? மென்செஸ்டர் மேய்ன் ரோட்டில். சூனஸ் அடித்த ஒரே கோலில் லிவர்பூல் ஜெயித்தது.

1995-ல் லிவர்பூல் துறைமுகத்தில், மறியல் கோட்டைத் தாண்டி வேலைக்குப் போக மறுத்த சுமார் 500 பேர் நீக்கப்பட்டார்கள். 1997 மார்ச் 20, நார்வேயின் பிரான் குழுவுக்கு எதிராக ரோபி ஃபவுலர் கோல் அடித்துவிட்டுச் சட்டையைத் தூக்கினார். உள்ளே அந்தத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு ஆதரவான பனியன். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் 2,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. நாலே நாளில், ஆர்சனலுக்கு எதிராகப் பெனால்டி கிடைத்தபோது, கோல் கீப்பர் என்னைத் தள்ளவில்லை என்று அவரே நடுவரிடம் சொன்னார். அதுக்குப் பாராட்டு வந்தது. ஒரே வாரத்தில் அபராதமும் பாராட்டும்.

2015-லிருந்து லிவர்பூல், எவர்ட்டன் ரசிகர்கள் சேர்ந்து ஆட்ட நாட்களில் அரங்கத்துக்கு வெளியே உணவு வங்கிக்குப் பொருள் சேர்க்கிறார்கள். டின் மீன், பாஸ்தா, குழந்தைப் பால்மாவு. உள்ளே அதே நேரத்தில் வெளியூர் ரசிகர்கள் பசியைப் பற்றியும் வேலையைப் பற்றியும் பாடிக்கொண்டிருப்பார்கள்.

சால்ஃபோர்ட் துறை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். 2011-லிருந்து பிபிசியின் ஒரு பெரிய பகுதி அங்கேதான் இயங்குகிறது. அரங்கத்திலிருந்து பாட்டுச் சத்தம் காற்று வாட்டத்தில் அங்கே கேட்டாலும் கேட்கும்.

தம்பிகளே, யுனைடெட்டை ஆதரியுங்கள், லிவர்பூலைக் கிழியுங்கள், கோலைச் சொல்லிக் கிண்டல் பண்ணுங்கள், நாங்களும் சேர்ந்துகொள்கிறோம். அந்தக் காணொளியைப் போட்ட தம்பி அதைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டால் நல்லது. போன மாதம் வேலை போய் வீட்டில் இருக்கிற மூன்று பேர் அதே குழுவில் இருக்கிறார்கள்.